முழு உரு

எங்கள் குலதெய்வம் புள்ளிருக்குவேளூர் என்னும் வைத்தீஸ்வரன் கோயிலின் தையல்நாயகி அம்பாள். பேத்தியின் உடம்பு தேறினால் அழைத்து வந்து வெள்ளி உரு செலுத்துவதாக என் மாமியார் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. தேறட்டும் என்று எத்தனை நாள்தான் காத்திருப்பது? தேறாத மகளையே அழைத்துக்கொண்டு போன மாதம் புறப்பட்டேன். ஒரு நாள் முழங்காலில் வலி, மறுநாள் மணிக்கட்டில், அதற்கடுத்த நாள் எழுந்திருக்கவே விடாத அசதி என்று அவள் படும் பாட்டுக்கு, இரத்தப் பரிசோதனை, தைராய்டு, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எல்லாவற்றிலும் ‘நார்மல்’ என்றே வந்தது. கேட்டு மகிழ வேண்டிய அந்தச் சொல் எனக்கு இப்போது அழுகையைத்தான் வரவழைக்கிறது.

செவ்வாய்க் கிரகமான அங்காரகனின் தலத்துக்குச் செவ்வாய்க்கிழமை போனது என் புத்திக்குறைவு, கூட்டம் நெரிந்தது. அதற்கு முன்பே, மயிலாடுதுறைப் பேருந்திலிருந்து இறங்கியதும் நாடி ஜோதிடத் தரகர் ஒருவர் வழிமறித்து, “பாப்பாவின் இடது பெருவிரல் ரேகை போதும், என்ன நோய் என்று ஓலையிலேயே இருக்கும்” என்றார். ஒளிக்காமல் சொல்கிறேன், அரை நிமிடம் நின்றுவிட்டேன். “ரிப்போர்ட் போதாதென்று ஓலை வேறா, வாம்மா” என்று மகள்தான் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

சித்தாமிர்தத் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டு, உப்பு மிளகுப் பொட்டலங்களோடு உரு வாங்கப் போனேன். தட்டில் கண், கை, கால் என்று தனித்தனியாகத் தகடுகள் அடுக்கியிருந்தன. எதை எடுப்பது என்று தெரியாமல் காலை எடுத்தேன், வைத்தேன், கையை எடுத்தேன். கடைக்கார அம்மாள் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, விரற்கடை நீளத்தில் ஒரு பெண் உருவத் தகட்டை எடுத்து நீட்டி, “இடம் தெரியாத நோய்க்கு இதுதான் தாயி” என்றார். எத்தனை பேர் என்னைப் போல அங்கே திகைத்து நின்றிருப்பார்கள்!

அம்பாள் சந்நிதி வரிசையில் மகளுக்குக் கால் துவண்டது. முடியிறக்கிய குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் நகர்ந்து, அவள் சாய்ந்துகொள்ளத் தூணோரத்தில் இடம் கொடுத்தாள். பின்னாலிருந்து தள்ளியவர்களையும் அவளே அதட்டினாள். தீபாராதனை காட்டியபோது, ‘நோயின் பெயரையாவது காட்டு தாயே’ என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வந்த வேண்டுதல் எனக்கு மறந்தே போயிற்று. திரும்பிப் பார்த்தேன், தகட்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டு மகள் உதடசைத்து அம்பாளிடம் ஏதோ நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்களிடமும் மருத்துவர்களிடமும் வலியைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், சில மாதங்களாக அவள் வாயே திறப்பதில்லை. என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. தகட்டை அவளே உண்டியலில் போட்டாள்.

தைலப் பாத்திரம் ஏந்தி வைத்தியநாதனுடன் வந்தவளே, என் பிள்ளையை நிறுத்தி வைத்துக் கேட்டாயே, அதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்! வலி நின்றுவிடவில்லை. அடுத்த வாரம் மூட்டுவாத மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரிப்போர்ட் கோப்பில், கோயிலில் மருந்தாகத் தரும் பிரசாதமான திருச்சாந்துருண்டைப் பொட்டலத்தையும் வைத்திருக்கிறேன்.