தரம் 1 அப்பீல்: அந்த 20 மார்க்ஸ் எங்க போச்சி?

மகளுக்கு தரம் 1க்கு அப்பீல்ல எப்பிடி எடம் எடுத்தீங்கன்னு தெரிஞ்ச ஆக்கள் மாறி மாறி கோல் எடுத்து கேக்கிறதால ஒரேயடியா எழுதிடுறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், ஆனா அடுத்த வருஷம் புள்ளைய தரம் 1க்கு போடப்போற அம்மா அப்பா யாராவது இருந்தா முழுசா வாசிங்க.

நாங்க இருக்கிறது கொட்டாஞ்சேனையில. சொந்த வீடு இல்ல, லீஸ் வீடு. அவரு த்ரீவீல் ஓடுறாரு, நான் புறக்கோட்டையில ஒரு துணிக்கடையில கெஷியரா இருக்கேன். மகளுக்கு ஜனவரி 31க்கு முந்தியே 5 வயசு முடியுது, அதனால வயசுல பிரச்சின இல்ல. வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துல சிங்களமும் தமிழும் ரெண்டு மீடியமும் உள்ள ஒரு அரசாங்க பாடசாலை, அதுல தமிழ் மீடியத்துக்கு போட்டோம். பேர் சொல்லல, சொல்லவும் மாட்டேன், மக இப்ப அங்கதான் படிக்கிறா.

தெரியாத ஆக்களுக்கு சொல்றேன், தரம் 1க்கு எடம் பிரிக்கிறது இப்பிடித்தான்: பக்கத்துல குடியிருக்கிற ஆக்களுக்கு நூத்துக்கு 50, பழைய மாணவர்ட புள்ளைகளுக்கு 25, அண்ணன் அக்கா ஏற்கனவே அங்க படிச்சா 15, கல்வி அமைச்சுக்கு கீழ வேல செய்ற ஆக்கள்ட புள்ளைகளுக்கு 5, இடமாற்றம் கெடச்சி வந்த அரசாங்க உத்தியோகத்தர்ட புள்ளைகளுக்கு 4, வெளிநாட்டுல இருந்து திரும்பி வந்த ஆக்களுக்கு 1. எங்களுக்கு பழைய மாணவரும் இல்ல, அரசாங்க உத்தியோகமும் இல்ல, அதனால குடியிருப்பு கெட்டகரி ஒண்டுதான் வழி. அதுலயும் உறுதி சொந்த பேர்ல இருக்கிற ஆக்களுக்கு கூட மார்க்ஸ், எங்கள மாதிரி லீஸ்ல இருக்கிற ஆக்களுக்கு கொறைவு, அதுவும் லீஸ் பதிஞ்சிருக்கணும். வாக்காளர் இடாப்புல அஞ்சு வருஷமா பேர் இருக்கான்னு பாப்பாங்க, கரண்ட் பில் தண்ணி பில் எல்லாம் கேப்பாங்க. இதெல்லாம் சேத்து ஒரு பாதி. மத்த பாதி, 50 மார்க்ஸ், தூரத்துக்கு. எங்க பிரச்சின முழுக்க அந்த 50க்குள்ளதான்.

அந்த 50 எப்பிடி குடுக்கிறாங்கன்னா, மெப்ல நம்ம வீட்ட நடுவா வெச்சி பாடசாலை வரைக்கும் கவராயத்தால ஒரு வட்டம் போடுவாங்க. ரோட்டால நடக்கிற தூரம் இல்ல, நேர் கோடு. அந்த வட்டத்துக்குள்ள, அதாவது நம்ம கேட்ட பாடசாலைய விட கிட்டவா, புள்ளைய சேக்கக்கூடிய வேற அரசாங்க பாடசாலை இருந்தா ஒவ்வொண்டுக்கும் 5 மார்க்ஸ் வெட்டுவாங்க. "சேக்கக்கூடிய" ங்கிற அந்த ஒரு சொல்ல நல்லா மனசுல வெச்சிக்கங்க.

இன்டர்வியூ அண்டைக்கு காலைல ஏழு மணிக்கே போய்ட்டோம். எங்களுக்கு முன்னுக்கு நாப்பது பேர் மாதிரி, எல்லார் கையிலயும் பைல், பைல்ட நூல் அவுந்து கடதாசி எல்லாம் கீழ விழுந்து ஒரு அம்மா அழுதுட்டாங்க. எங்கட முற வர பதினொண்ணர. மேசையில பெரிய மெப் ஒண்டு விரிச்சிருந்திச்சி, எத்தனையோ பேருக்கு கவராயம் குத்தி குத்தி எங்க லேன் பக்கம் பூரா சின்ன சின்ன ஓட்ட, பென்சில் வட்டம் ஒண்டுக்கு மேல ஒண்டு. ஒருத்தர் வட்டம் போட்டாரு, எண்ணினாரு, ஏழுன்னாரு, இன்னொருத்தர் எழுதினாரு, என் பக்கம் திருப்பி "இங்க சைன் பண்ணுங்க" ன்னாங்க. ஷீட் பூரா சிங்களம். எனக்கு சிங்களம் தண்ணி மாதிரி பேச வரும், வாசிக்க வராது. பின்னுக்கு ஆக்கள் நிக்கிறாங்க, மக பசியில சிணுங்குறா, சைன் பண்ணிட்டேன். இத நினைச்சா இப்பவும் நெஞ்சு எரியுது. தமிழ்ல வாசிச்சி காட்டுங்கன்னு கேட்டிருக்கணும், அது தயவு இல்ல, அரசாங்க ஒபிஸோட தமிழ்ல பேசவும் எழுதவும் தமிழ்ல பதில் வாங்கவும் நமக்கு அரசியலமைப்புலயே உரிமை இருக்கு, 1987ல 13ஆவது திருத்தத்தோட தமிழும் அரசகரும மொழி ஆயிடிச்சி.

தற்காலிக லிஸ்ட் ஒட்டினாங்க. மகளுக்கு 52. கடைசியா எடுத்த புள்ளைக்கு 64. வெயிட்டிங் லிஸ்ட்லயும் அடியில. போன வழியாலயே அவரு த்ரீவீல்ல ஒண்டும் பேசாம திரும்பி வந்தாரு.

அண்டைக்கு ராவே அவருக்கு ஒரு கோல், "இடம் எடுத்து தரலாம், ரெண்டு லட்சம் வெச்சிக்கங்க" ன்னு. ஆள் யாருன்னு தெரியாது, எங்க நம்பர் எப்பிடி போச்சின்னும் தெரியாது. அவரு ஒரு நிமிஷம் யோசிச்சாரு, நகைய வெச்சா எடுக்கலாம்னு, பொய் சொல்லல. நான் விடல. 1945ல இருந்து இந்த நாட்டுல படிப்பு இலவசம், எங்க தாத்தா லயத்துல இருந்து கொழும்புக்கு வந்ததே புள்ளைகள் படிக்கட்டும்னு, நான் என் புள்ளைய மொத நாளே லஞ்சம் குடுத்து ஸ்கூலுக்கு அனுப்பமாட்டேன். உங்களுக்கும் இப்பிடி கோல் வந்தா இலஞ்ச ஆணைக்குழுட 1954 நம்பருக்கு கோல் எடுத்து சொல்லுங்க.

அடுத்த நாள் கடையில லீவு போட்டுட்டு கொமியுனிகேஷன்ல கல்வி அமைச்சுட வெப்சைட்ல இருந்து, தரம் 1க்கு சேக்கிற விதியெல்லாம் உள்ள சுற்றுநிருபத்த தமிழ்லயே பிரின்ட் எடுத்தேன். தமிழ்ல இருக்குன்னே எனக்கு அதுவரைக்கும் தெரியாது. குசினித் தரையில ஒக்காந்து பென்சிலால கோடு போட்டு போட்டு வாசிச்சேன், சில வசனம் நாலு தரம் வாசிச்சாதான் வெளங்கும். தூரத்து மார்க்ஸ் எழுதியிருக்கிற எடத்துக்கு வந்ததும் தான் அந்த "சேக்கக்கூடிய" கண்ணுல பட்டிச்சி. அப்பிடின்னா அந்த ஏழு பாடசாலையும் எது எது?

அவரு போன்ல மெப்ப தொறந்து நேர் கோட்டுல அளந்தாரு, பொறகு ரெண்டு பேரும் த்ரீவீல்ல ஒவ்வொரு கேட்டுக்கும் போனோம். ஏழும் கெடச்சிச்சி. அதுல ரெண்டு சிங்கள மீடியம் மட்டும், தமிழ் வகுப்பே இல்ல. ஒண்டு ஆம்புளப் புள்ளைகள் மட்டும். இன்னொண்டுல தரம் 6ல இருந்துதான் வகுப்பு. எங்க மக பொம்புளப்புள்ள, தமிழ் மீடியம், தரம் 1. இந்த நாலுலயும் அவள எப்பிடி சேக்கிறது? நாலு தர அஞ்சு, 20 மார்க்ஸ். 52ம் 20ம் 72. நான் கேட்டுக்கு முன்னுக்கே நிண்டு விரல விட்டு எண்ணினேன், அவரு "இன்னொரு தரம் எண்ணு" ன்னாரு.

பொறகு வலயக் கல்வி ஒபிஸ். அங்க இருந்த ஒரு மிஸ் நல்லா பேசினாங்க, எந்த பாடசாலையில எந்த மீடியம், எந்த தரத்துல இருந்து எந்த தரம் வரைக்கும்னு ஒரு லிஸ்ட் எடுத்து காட்டினாங்க, அதுல போட்டோ கொப்பி தந்தாங்க. அந்த ஒரு கடதாசிதான் எங்கள காப்பாத்தினது. சில ஆக்கள் தகவல் அறியும் உரிமை சட்டத்துல கேளுங்கன்னாங்க, 2016ம் ஆண்டு 12ஆம் இலக்க சட்டம், நல்ல சட்டம், காசு கட்டாமலே விண்ணப்பம் போடலாம், ஆனா அதுல பதில் சொல்ல அவங்களுக்கு 14 வேல நாள் இருக்கு, எங்களுக்கு அப்பீலுக்கு இருந்ததே ரெண்டு கிழம. அதனால நேரா போய் கேக்கிறதுதான் சரி. தரலன்னாதான் அந்த வழி.

அப்பீல் லெட்டர ஒரு பக்கத்துலயே முடிச்சேன், தமிழ்ல. கஷ்டம் எழுதல. மொதல்ல அப்பிடித்தான் எழுதினேன், வாடக வீடு, அவரு வருமானம், மக அழுறான்னு மூணு பக்கம், எங்க பக்கத்து லேன் அக்கா, ரெட்டயர்ட் டீச்சர், வாசிச்சிட்டு "மக, இதுக்கு மார்க்ஸ் போட ஒரு கட்டமும் அந்த ஷீட்ல இல்ல, கணக்க மட்டும் எழுது" ன்னாங்க. அது நெசம். ஏழு பாடசாலையையும் வரிசையா போட்டு, நாலுக்கு நேரா ஏன் சேக்க முடியாதுன்னு காரணம், சுற்றுநிருபத்துல எந்த பந்தி, வலய ஒபிஸ் லிஸ்ட் இணைப்பு, திருத்தின மார்க்ஸ் 72. அவ்வளவுதான். ரெஜிஸ்டர் போஸ்ட்ல ஒண்டு அனுப்பினேன், இன்னொரு கொப்பிய பாடசாலை ஒபிஸ்ல கையில குடுத்து என் கொப்பியில சீல் அடிச்சி திகதி போட்டு வாங்கினேன். சீல் அடிக்க யோசிச்சாங்க, நான் நகராம நிண்டேன்.

எங்க லேன்லயே இன்னொரு அம்மாவுக்கும் இதே பிரச்சின, அதே வட்டம்தானே. அவங்களுக்கும் நானே லெட்டர் எழுதி குடுத்தேன். அவங்களுக்கும் மார்க்ஸ் கூடிச்சி, ஆனா ரெண்டு வருஷம் வாக்காளர் இடாப்புல அவங்க பேர் இல்ல, வீடு மாறினப்ப ஜி.எஸ், அதாவது கிராம சேவகர்கிட்ட போம் குடுக்காம விட்டிருக்காங்க, அதுல போன மார்க்ஸ எந்த அப்பீலாலயும் எடுக்க ஏலாது. அவங்கட மகன், ரொம்ப கெட்டிக்காரப் புள்ள, இப்ப கொஞ்சம் தூரத்துல வேற பாடசாலைக்கு போறான். அதனால சொல்றேன், புள்ளைக்கு ஒரு வயசா இருக்கிறப்பவே ஒவ்வொரு வருஷமும் ரெண்டு பேர்ட பேரும் இடாப்புல இருக்கான்னு போய் பாருங்க, ஜி.எஸ் போம் கொண்டு வரலன்னா நீங்க போய் கேளுங்க.

அப்பீல் போர்ட்ல மொத இருந்த முகங்கள் இல்ல. உள்ள போனதும் "நான் தமிழ்ல பேசுறேன், எழுதுறதையும் எனக்கு தமிழ்ல சொல்லுங்க" ன்னேன், குரல் நடுங்கிச்சி, ஆனா சொன்னேன். தமிழ் சேர் ஒருத்தர் இருந்தாரு, அவரு மெப்ப திருப்பி புதுசா வட்டம் போட்டாரு, ஒவ்வொரு பாடசாலையா பேர் சொல்லி "இதுல தமிழ் மீடியம் இருக்கா? பெண் புள்ள எடுப்பாங்களா?" ன்னு பக்கத்துல உள்ள ஆக்கள்கிட்ட கேட்டாரு. நாலு எடத்துல பென்சிலால வெட்டினாரு. தூரத்துக்கு போட்டிருந்த பழைய 15க்கு மேல கோடு இழுத்து 35ன்னு எழுதி, ஷீட்ட தமிழ்ல வாசிச்சி காட்டிட்டுத்தான் சைன் கேட்டாரு. இந்த தரம் ஒவ்வொரு வரியையும் விரல் வெச்சி பாத்துட்டு சைன் போட்டேன். பத்து நிமிஷம் கூட எடுக்கல.

அப்பவும் சரிவராட்டி என்ன செய்றதுன்னும் விசாரிச்சி வெச்சிருந்தேன். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு போடலாம், இல்லாட்டி சமத்துவ உரிமை, அதாவது 12ஆவது உறுப்புரை, மீறப்பட்டிச்சின்னு உயர் நீதிமன்றத்துல அடிப்படை உரிமை வழக்கு, அதுக்கு ஒரு மாசம்தான் டைம், அந்த மாசத்துக்குள்ள ஆணைக்குழுவுக்கு போட்டா அங்க விசாரிக்கிற காலம் அந்த ஒரு மாசத்துல சேராது. வழக்குக்கு லோயர் வேணும், காசு வேணும், அந்த அளவுக்கு எங்களுக்கு போகவேண்டி வரல.

இறுதி லிஸ்ட் ஒட்டின அண்டைக்கு நான் கடையில. அவரு போர்ட போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினாரு, மங்கல், வெளிச்சம் பட்டு பாதி தெரியல, பெருசாக்கி பெருசாக்கி பாத்தேன், மகட பேருக்கு நேரா 72. கவுன்டர்ல ஒரு கஸ்டமர் மிச்ச காசுக்கு நிக்கிறாங்க, எனக்கு எண்ண வரல, பக்கத்துல நிண்ட தங்கச்சிதான் எண்ணி குடுத்திச்சி.

இப்ப மக தரம் 1. வகுப்பு பெற்றார் வட்டத்துல என்னைய செயலாளரா போட்டிருக்காங்க, மொத கூட்டத்துலயே நோட்டீஸ் எல்லாம் தமிழ்லயும் வரணும்னு கேட்டேன், இப்ப வருது. போம் நிரப்ப தெரியாத ஆக்கள் யாராவது கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, புளூமெண்டால் பக்கம் இருந்தா ஞாயித்துக்கிழம பின்னேரம் வீட்டுக்கு வாங்க, அந்த சுற்றுநிருபம் பென்சில் கோட்டோட இன்னும் எங்கிட்ட இருக்கு, வாறப்போ கரண்ட் பில்லும் இடாப்பு கொப்பியும் கொண்டு வாங்க.