அழைப்புக் கடிதம் அப்பா பெயரில் வந்தது

ஆப்பிரிக்காவில் ஒரு மாதம் மனநல மருத்துவப் பாடம் நடத்த, நாலு மாதம் காகிதத்துக்காக அலைந்தேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டத்து ஊரில் இருந்துகொண்டு இந்த வேலையில் இறங்க நினைக்கும் டாக்டர்கள் இதைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

2003இல் எத்தியோப்பியா முழுக்க மனநல நிபுணர்கள் 11 பேர்தான். வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. அந்த வருஷம்தான் அடிஸ் அபாபா பல்கலைக்கழகம் மூன்று வருஷ நிபுணத்துவப் படிப்பை உள்ளூரிலேயே தொடங்கியது. கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் முறை வைத்து ஒரு மாதம் வந்து கற்றுக்கொடுத்துவிட்டுப் போவார்கள். அதே வழியில் போகும் இன்னோர் ஆப்பிரிக்க நாடு, பணி ஓய்வு பெற்ற என்னையும் கூப்பிட்டது.

“தஞ்சோங் ரம்புத்தான்ல இருந்தது பத்தலையா டாக்டரே?” என்று ஒட்டுக்கடையில் ஒரே கிண்டல். அந்த ஊர் மனநல மருத்துவமனையில்தான் நான் வேலை பார்த்தேன்.

கோளாறு பெயரில் ஆரம்பித்தது. கடவுச்சீட்டில் என் பெயர், ‘மகன்’ என்பதற்கு மலாயில் போடும் ஏ/எல், அப்பா பெயர். இந்தியாவில் வாங்கிய பட்டத்தில் அப்பா வெறும் இனிஷியல். இணையப் படிவம் ‘குடும்பப் பெயர்’ கேட்டது. நானும் அப்பா பெயரைப் போட்டுத் தொலைத்தேன். அழைப்புக் கடிதம் ‘டாக்டர்’ என்று அப்பாவுக்கே வந்துவிட்டது. அவர் முப்பது வருஷம் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர்.

விடியற்காலை ரயிலேறி, அரசு அலுவலகங்கள் இருக்கும் புத்ராஜெயா போனேன். கவுண்டரில் இருந்த பெண் மூன்று காகிதத்தையும் வரிசையாகப் பரப்பி, மூன்று விரலைக் காட்டினார். “தீகா ஓராங்.” மூன்று ஆளாம்! எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். “தா போலே.” முடியாதாம்! அன்றைக்குக் கண்ட பலன் ஒரு நாசி லெமாக் சோறு.

வழி சுலபம்தான், சொல்லத்தான் ஆள் இல்லை. மூன்று பெயரும் ஒரே ஆளுடையது என்று ‘சூராட் அக்குவான்’ என்ற உறுதிமொழிக் கடிதம் எழுதி, சத்தியப் பிரமாண ஆணையரான பெசுருஹ்ஜெயா சும்பாவிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். எங்கள் ஊர்க் கடைவீதி மாடியிலேயே பத்து நிமிஷத்தில் முடிந்தது. கூடுதலாக இரண்டு பிரதி போட்டுக்கொள்ளுங்கள்.

தொழிலில் நம்மேல் குற்றம் இல்லை என்று தரும் மருத்துவ மன்ற நன்னிலைச் சான்றிதழை ஆர்வக்கோளாறில் முதலில் வாங்கி வைத்தேன். அதற்கு ஆயுசு கம்மி. மற்றது சேர்வதற்குள் காலாவதி. அதைக் கடைசியில் வாங்குங்கள்.

நான் ஜெயித்த ஒரே இடம் மஞ்சள் காய்ச்சல் அட்டை. 2009இல் போட்ட ஊசி, பத்து வருஷம்தான் என்று அட்டையிலேயே அச்சு. “இது செத்துப்போச்சு ஐயா, மறுபடி போடணும்” என்றார் கிளினிக் கிராணி. 2016 ஜூலை 11 முதல் ஒரே ஊசி ஆயுளுக்கும் செல்லும், பழைய அட்டைக்கும் சேர்த்துத்தான். உலக சுகாதார நிறுவன அறிவிப்பை அச்செடுத்துப் போயிருந்தேன். இரண்டு தடவை படித்தார், வாயைத் திறக்கவில்லை. புதிதாகப் போடுகிறவர்கள் கவனம்: 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும்.

விசா, டிக்கெட்டில் தொல்லை இல்லை.

அங்கே போனால் ஏழு பயிற்சி டாக்டர்கள். நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து செய்த ஸ்லைடுகள் பத்து நிமிஷம்கூட ஓடவில்லை. “பூச்சிமருந்து குடித்துவிட்டு வருகிறவர்களை வார்டில் பிழைக்க வைத்த பிறகு அவர்களிடம் யார் பேசுவது?” என்று ஒரு பெண் கேட்டாள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் பாராகுவாட் என்ற களைக்கொல்லி விஷத்துக்குத் தடை என்றதும் ஏழு பேனாவும் ஓடின. அதற்கப்புறம் மடிக்கணினியைத் திறக்கவே இல்லை.

கழுத்தில் மாட்டிய அட்டையிலும் அப்பா பெயர்தான். மாற்றித் தருகிறோம் என்றார்கள். இருக்கட்டும் என்றுவிட்டேன்.