கிரேடு தேர்வுக்கு பேக்கிங் டிராக்: பாட்டிலிருந்து உங்கள் கருவியை மட்டும் எடுப்பது

இசைக் கிரேடு தேர்வில் நீங்கள் வாசிக்கும்போது பின்னணியில் ஓடும், உங்கள் கருவி இல்லாத பாடல்தான் பேக்கிங் டிராக். அதைத் தயாரிக்கும்போது பாடலிலிருந்து கிட்டாரையோ பேஸையோ சுவடே இல்லாமல் அழிக்க மெனக்கெடுவதில்தான் பலருக்கும் நேரம் போகிறது. அதற்குத் தேவையே இல்லை. அழித்த இடத்தில் அதே கருவியை அதே சுரங்களில் நீங்கள் வாசிக்கப் போகிறீர்கள். மெல்லியதாக மிஞ்சும் ஒலி அதற்கடியில் மறைந்துவிடும். மறையாதது, எடுக்கும்போது மற்ற கருவிகளுக்கு நேரும் சேதம். சிம்பல் சலசலக்கும், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். அதனால் எது சுத்தமாக நீக்குகிறது என்று பார்க்காதீர்கள். எது மிச்சத்தைக் கெடுக்காமல் விடுகிறது என்று பாருங்கள். அதையும் சும்மா கேட்டு முடிவு செய்யாமல், கூடவே வாசித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

பழைய வழி, ஸ்டீரியோவின் ஒரு பக்க ஒலி அலையைத் தலைகீழாக்கி மறுபக்கத்தோடு கூட்டுவது. இரு பக்கமும் ஒரே அளவில் ஒலிக்கும்படி நடுவில் வைக்கப்பட்ட எல்லாமே போய்விடும். குரலோடு பேஸ், டிரம்ஸின் கிக், ஸ்னேர் மூன்றும் பெரும்பாலும் நடுவில்தான் இருக்கும் என்பதால் தாளமே காணாமல் போகும். இப்போது அதை முதல் வழியாக எடுக்க வேண்டியதில்லை.

பாட்டைக் கருவிவாரியாகப் பிரித்த தனித்தனி ஒலித்தடம்தான் ஸ்டெம். அப்படிப் பிரிக்கும் மென்பொருள்களில் டீசர் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஸ்பிளீட்டர் வேகமானது. ஆனால் அதன் வழக்கமான அமைப்பு 11 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடுவதால் டிரம்ஸ் மங்கலாகும். டெமக்ஸ் என்ற இன்னொரு மென்பொருள் மெதுவானது, ஒலி மேல். அதன் வழக்கமான மாடல் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்காகப் பிரிக்கும். கிட்டாரைத் தனியே எடுக்க ஆறு ஸ்டெம் மாடல் வேண்டும். அதிலுள்ள பியானோ ஸ்டெம் சுமார்தான் என்று உருவாக்கியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். கட்டளை தட்டப் பழக்கமில்லாதவர்கள் அல்டிமேட் வோக்கல் ரிமூவர் என்ற மென்பொருளில் டெமக்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். தபலா, மிருதங்கம் உள்ள பாட்டில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த மாடல்கள் பெரும்பாலும் டிரம்ஸ், பேஸ் கிட்டார் உள்ள பாட்டுகளில் பயின்றவை. தபலாவின் இடது கை கும்கி (வழுக்கி எழும் கனத்த ஒலி) பேஸ் ஸ்டெமில் போய் விழுவதைக் கேட்கலாம்.

பிரித்த பிறகு பலர் தங்கள் ஸ்டெமை விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டுகிறார்கள். அசல் பாட்டிலிருந்து உங்கள் ஸ்டெமைக் கழிப்பதே பெரும்பாலும் நல்லது. எந்த ஸ்டெமிலும் சேராமல் விடுபட்ட ஒலிகளும் அப்போது டிராக்கில் தங்கும். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் அசலையும் ஸ்டெமையும் தொடக்கம் ஒட்டி வைத்து, ஸ்டெமுக்கு மட்டும் இன்வெர்ட் (அலையைத் தலைகீழாக்குவது) போட்டு இரண்டையும் சேர்ந்து ஓடவிட்டால் போதும்.

இது சொதப்புவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, எம்பி3. அந்த வடிவத்தில் பாட்டின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாம்பிள் (டிஜிட்டல் ஒலியின் மிகச் சிறிய துண்டு) வெற்றிடம் சேரும். ஒரு மென்பொருள் அதைக் கத்தரிக்கும், இன்னொன்று அப்படியே விடும். நொடிக்கு 44,100 சாம்பிள் என்றால் 10,000 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 4.41 சாம்பிள்தான். ஸ்டெம் இரண்டே சாம்பிள் தள்ளி நின்றாலும் அந்த உயரத்தில் கழிய வேண்டிய ஒலி கூடிவிடும். ஆகவே முதலிலேயே பாட்டை வேவ் கோப்பாக்கி, பிரிக்கவும் கழிக்கவும் அதே கோப்பைப் பயன்படுத்துங்கள். இரண்டாவது, ஒலி அளவு. ஸ்டெம் உச்சம் தாண்டினால் டெமக்ஸ் அதைத் தானாகவே குறைத்து எழுதும். குறைந்த ஸ்டெமைக் கழித்தால் கருவி பாதிதான் போகும். பிரிப்பதற்கு முன்பே அந்த வேவ் கோப்பின் ஒலி அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை குறையும்.

இரண்டு கிட்டார் உள்ள பாட்டில் மாடல் இரண்டையும் ஒரே ஸ்டெமில் போட்டுவிடும். லீட் (மெட்டும் சோலோவும் வாசிப்பது) நடுவிலும் ரிதம் (பக்கத்துணைக் கிட்டார்) இரு ஓரங்களிலும் இருந்தால், பழைய வழிக்கு இங்கே வேலை உண்டு. கிட்டார் ஸ்டெமில் மட்டும் ஒரு பக்கத்தைத் தலைகீழாக்கி மோனோவாக (ஒரே தடமாக) கூட்டுங்கள். நடுவிலுள்ள லீட் போய் ரிதம் மிஞ்சும். அதை மறுபடி டிராக்கில் சேர்க்கலாம். லீடின் ரிவெர்ப் (எதிரொலி) ஓரங்களில் பரவியிருக்கும் என்பதால் லேசான வால் கேட்கும், விட்டுவிடுங்கள். சோலோ மட்டுமே உங்கள் பகுதி என்றால் அந்த பார்களில் மட்டும் கழித்து, மற்ற இடங்களில் அசலையே வையுங்கள். சேரும் இடத்தில் 10 முதல் 20 மில்லிநொடி கிராஸ்ஃபேடு (ஒன்று மங்க மற்றது எழுவது) இல்லாவிட்டால் 'டிக்' என்று கேட்கும்.

டிரம்ஸை எடுக்கும்போது மீதிப் பாட்டு கிக் விழும் இடங்களில் அமுங்கி எழும். மாஸ்டரிங்கில் (பாட்டின் இறுதி மெருகேற்றலில்) போட்ட, உச்ச ஒலியை அடக்கும் லிமிட்டரின் வேலை அது, சரிசெய்ய முடியாது. டிரம்ஸ் மாணவருக்கு அது நல்ல வழிகாட்டியும்கூட.

சுருதி வழக்கமான 440 ஹெர்ட்ஸில் இல்லாத பாட்டுகள் நிறைய. பேஸ் ஸ்டெமில் நீளமான சுரம் ஒன்றை ட்யூனரில் பாருங்கள். 30 சென்ட் (அரைச்சுரத்தின் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தள்ளி இருந்தால் கருவியை மாற்றாமல் டிராக்கை மாற்றுங்கள், ஆனால் டிரம்ஸ் ஸ்டெமைத் தொடாதீர்கள். சுருதி மாற்றினால் அடியின் கூர்மை போய்விடும். இதற்கு மட்டும் ஸ்டெம்களைக் கூட்டும் முறைக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

பாட்டு தொடங்கும் முன் வேகம் காட்டும் கிளிக் எண்ணிக்கைக்குப் பாட்டின் சராசரி வேகத்தை எடுக்க வேண்டாம். மெட்ரோனோம் கிளிக் இல்லாமல் பதிவான பாட்டு போகப்போக வேகம் மாறும். முதல் பாரின் முதல் அடிக்கும் அடுத்த பாரின் முதல் அடிக்கும் இடையே 2.5 நொடி என்றால், நாலடித் தாளத்தில் ஓர் அடி 0.625 நொடி, அதாவது 96 பிபிஎம் (நிமிடத்துக்கு 96 அடி). நான்கு கிளிக்கை அந்த வேகத்தில் வையுங்கள்.

பயிற்சிக்கு இரண்டு பதிப்பு வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் கருவி 12 டெசிபல் குறைந்து ஒலிப்பது ஒன்று, முற்றிலும் இல்லாதது ஒன்று. சொந்த டிராக் அனுமதி உண்டா, அதில் உங்கள் பகுதியின் மிச்சம் கேட்டால் ஏற்பார்களா என்பதைப் பாடத்திட்டத்தில் முன்பே படித்துவிடுங்கள். இணையத்தில் ஏற்றுவதென்றால் உரிமை பற்றிய கேள்வி தனியாக வரும்.

முடித்த கோப்பை மோனோவாக, ஃபோனின் ஒற்றை ஸ்பீக்கரிலும் ஒருமுறை கேளுங்கள். தேர்வு அறையில் ஸ்டீரியோ இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. நடு ஒலியை நீக்கும் சில மென்பொருள்கள் இடமும் வலமும் எதிரெதிராகத் தரும் ஒலி மோனோவில் மொத்தமாக மறையும். ரிதம் கிட்டார் அங்கே காணாமல் போனால், ஒரு பக்கத்தை மட்டும் நகலெடுத்து இரு பக்கமும் வையுங்கள்.