முதல் மதிப்பெண் எடுத்தவர்களின் மறுநாள்

பிளஸ் டூ தேர்வில் மாநில அளவில் முதல் மூன்று இடங்களைப் பிடித்தவர்களின் பட்டியலை வெளியிடும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017-ஆம் ஆண்டில் நிறுத்தியது. அதற்கு முன், 1200 மதிப்பெண்களுக்குத் தேர்வு நடந்த காலத்தில், முடிவு வெளியான சில மணி நேரத்திற்குள் அந்த மாணவர்கள் தொலைக்காட்சியில் தோன்றிவிடுவார்கள். மருத்துவராகி ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை அளிப்பேன் என்று ஒருவரும், கலெக்டராகி மக்களுக்குச் சேவை செய்வேன் என்று இன்னொருவரும் சொல்வார்கள். அவை பொய்கள் அல்ல. ஆனால் திட்டங்களும் அல்ல. ஒலிவாங்கியை நீட்டினால் பதினேழு வயதுப் பிள்ளை, தன் வீட்டிலும் பள்ளியிலும் எதைச் சொன்னால் முகம் மலருமோ அதைத்தான் சொல்லும்.

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகளாகப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறேன். தேர்வு முடிவு வந்த மறுநாளிலிருந்து, கல்லூரி விண்ணப்பங்களை நிரப்புவதற்காக மாணவர்கள் என் மேசையைச் சுற்றி அமர்வார்கள். நிருபர்கள் போன பிறகு நடக்கும் அந்தப் பேச்சுதான் உண்மையானது. நன்றாகப் படித்த பிள்ளைகள் தங்கள் மதிப்பெண்ணைப் பற்றிப் பெருமைப்படுவதைவிடக் குழம்புவதையே அங்கே அதிகம் பார்க்கிறேன். பிளெக்ஸ் பேனரில் ஏறும் மொத்த மதிப்பெண்ணுக்கு, அடுத்து எடுக்க வேண்டிய முடிவில் பெரும்பாலும் வேலையே இல்லை என்பதை அவர்கள் அன்றுதான் முழுதாக உணர்கிறார்கள்.

பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் கணக்கைப் பாருங்கள். கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிடுகிறார்கள். தமிழில் 99, ஆங்கிலத்தில் 98, கணினி அறிவியலில் 100 வாங்கி, கணிதத்தில் 97, இயற்பியலில் 96, வேதியியலில் 97 பெற்ற மாணவி 600-க்கு 587 எடுத்துப் பள்ளியில் முதலிடம் பெறுவாள். அவளுடைய கட்-ஆஃப் 193.5. மொழிப் பாடங்களில் எண்பதுகளில் நின்று, 568 மட்டுமே எடுத்து, அந்த மூன்று பாடங்களிலும் சென்டம் போட்ட மாணவனுக்கு 200. கவுன்சலிங்கில் அவன் அவளுக்கு வெகு முன்னால் நிற்பான். இந்த முறையை நான் குறை சொல்லவில்லை, பொறியியலுக்கு அந்தப் பாடங்கள்தாம் தேவை. ஆனால் மாலை போட்டுப் படமெடுத்த ஊர், அந்த மாணவிக்கு இதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லையே என்று யோசிப்பதில்லை.

மருத்துவம் விரும்புகிறவர்களின் நிலை இன்னும் விசித்திரமானது. 2025-இல் நீட் தேர்வு மே 4 அன்று நடந்தது. பிளஸ் டூ முடிவு மே 8 அன்று வந்தது. நீட் முடிவோ ஜூன் 14 வரை வரவில்லை. ஆக, 580-க்கு மேல் எடுத்த பிள்ளை ஊர் முழுக்க இனிப்பு கொடுத்த அந்த வாரத்திலேயே, நீட்டில் இயற்பியல் வினாக்கள் கடினமாக இருந்ததை நினைத்து உள்ளூர நடுங்கிக்கொண்டிருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு எங்கள் மாணவர்களுக்குக் கதவைத் திறந்திருக்கிறது என்பது உண்மை. அந்தக் கதவு வரை போய், சில மதிப்பெண்களில் நின்று, மறுபடி நீட் எழுத ஓராண்டு ரிப்பீட்டராக இருப்பதா, வேறு படிப்பில் சேர்வதா என்று முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்களும் பெரும்பாலும் நன்றாகப் படித்தவர்களே. சுமாராகப் படித்தவனுக்கு இந்தத் தவிப்பு இல்லை. அவன் ஜூன் மாதமே ஏதேனும் ஒரு கல்லூரியில் சேர்ந்துவிடுகிறான்.

எனக்கு மிகவும் பிடித்த உரையாடல்கள் வணிகவியல் பிரிவு மாணவர்களோடு நடப்பவை. 2023-இல் மாநிலத்தில் 600-க்கு 600 எடுத்த மாணவி அந்தப் பிரிவில் படித்தவர். ஆடிட்டராக வேண்டும் என்றார். அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கத்துப் பெற்றோர் பலர், கணக்குப்பதிவியல் படித்தாலும் முதல் மதிப்பெண் எடுக்க முடியும் என்று நம்பத் தொடங்கினார்கள். சி.ஏ. படிப்பின் பாதையை இந்தப் பிள்ளைகள் வியப்பூட்டும் தெளிவோடு சொல்கிறார்கள்: முதலில் பவுண்டேஷன், பிறகு இன்டர்மீடியட், அதன்பின் ஓர் ஆடிட்டரிடம் பயிற்சி, கடைசியில் ஃபைனல்; மூன்றாண்டாக இருந்த பயிற்சிக்காலம் 2023-இல் இரண்டாண்டாகக் குறைந்ததுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் தோற்பவர்களே அதிகம் என்று எச்சரித்தால், தெரியும் சார், அதனால்தான் கூடவே பி.காமும் படிக்கப் போகிறேன் என்கிறார்கள். மருத்துவர் ஆவேன் என்று சொல்லும் பிள்ளைகளில் எத்தனை பேரிடம் இப்படி ஒரு மாற்றுவழி இருக்கிறது?

கட்-ஆஃப் 198 வைத்திருந்த ஒரு மாணவன், கிண்டி பொறியியல் கல்லூரியில் நில அளவையும் வரைபடமும் சார்ந்த புவித்தகவலியல் படிக்க விரும்பினான். அந்தக் கல்லூரி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது என்பதை எங்கோ படித்துவிட்டு, வரைபடம் போடுகிறவனுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் ஏது என்று வாதாடினான். கணினி அறிவியலுக்கு வாய்ப்பிருக்கும்போது இதை எடுப்பானேன் என்று உறவினர்கள் அனைவரும் கேட்டார்கள். அதிக மதிப்பெண் எடுத்தவனுக்குத் தெரிவு அதிகம் என்பார்கள். உண்மையில், மதிப்பெண்ணை வீணாக்குகிறாயே என்ற பேச்சு அவனுக்குத்தான் விழுகிறது.

2021-இல் கொரோனாவால் தேர்வே இல்லாமல், பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், செய்முறை மதிப்பெண்களை வைத்து மதிப்பெண் போடப்பட்ட மாணவர்கள் பாவம். அவர்களில் முதலாவதாக வந்தவர்களை யாரும் வாழ்த்தக்கூட இல்லை.

பெண் பிள்ளைகளின் திட்டங்களில் இன்றும் மதிப்பெண்ணைவிடப் பேருந்துக்கே செல்வாக்கு. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் வந்த பிறகு, கட்டணத்தைக் காட்டித் தடுக்கும் வீடுகள் குறைந்திருக்கின்றன. தடை இப்போது விடுதியில் போய் நிற்கிறது. சென்னையிலோ கோவையிலோ இடம் கிடைக்கக்கூடிய மாணவி, காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய கல்லூரியைத் தன் விருப்பமாகவே சொல்லப் பழகியிருக்கிறாள். அவ்விடத்தில் நான் பெற்றோரோடு மதிப்பெண் பற்றிப் பேசுவதில்லை, பேசிப் பயனில்லை. அதே கல்லூரி விடுதியில் நம் ஊர்ப் பெண் யாராவது இருக்கிறாளா என்றுதான் அவர்கள் கேட்கிறார்கள். அதனால் வெளியூரில் படிக்கும் பழைய மாணவிகள், எந்த விடுதி, எந்த ஆண்டு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அவர்கள் சம்மதித்தால் தொலைபேசியில் அந்த அம்மாக்களோடு பேச வைக்கிறேன். விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்குள் சில வீடுகள் இறங்கி வருகின்றன, சில வருவதில்லை.