பழைய ஃபைபர் படகை வாங்கி விற்கலாமா? முதலில் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்

கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம், புதுச்சேரி தேங்காய்த்திட்டு, வீராம்பட்டினம் என்று எந்தக் கரைக்குப் போனாலும் பழைய ஃபைபர் படகு ஒன்றாவது விலைக்கு நிற்கும். விற்பவர் முதலில் எஞ்சினைத்தான் இழுத்துக் காட்டுவார். சொந்தத் தொழிலுக்கு வாங்குகிறவர் அதில் மயங்கினால் கூடப் பரவாயில்லை. வாங்கிக் கைமாற்ற நினைப்பவர் எஞ்சினைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். எஞ்சினைக் கழற்றித் தனியாக விற்றுவிடலாம். பின்பலகை மக்கிய உடம்பை யார் தலையிலும் கட்ட முடியாது, கட்டவும் கூடாது. அந்தப் பலகையை நம்பி நாளைக்கு நான்கு பேர் கடலுக்குப் போவார்கள்.

எஞ்சின் தொங்கும் பின்பலகை பல படகுகளில் வெறும் ஃபைபர் அல்ல. உள்ளே பிளைவுட், வெளியே ஃபைபர் தோல். எஞ்சின் போல்ட் துளைகளைச் சரியாக அடைக்காமல் விட்டால் அதிர்வில் துளை விரியும், நீர் உள்ளே இறங்கும், பிளைவுட் ஊறி மக்கும். வெளித்தோல் பளபளவென்றே இருக்கும். எஞ்சினைச் சாய்த்துத் தூக்கி நிறுத்தி, அதன் அடிக்காலை (நீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதி) பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். பலகை துளியும் அசையக் கூடாது. பிறகு சுத்தியல் கைப்பிடியாலோ நாணயத்தாலோ அரை சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். 'டக்' என்று கணீரென்று கேட்டால் சரி. 'தொப்' என்று மழுங்கிய ஒலி வந்த இடத்தைச் சாக்குக்கட்டியால் வட்டமிடுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் உரிமையாளரிடம் கேட்டு, உள்பக்கத்தில் தாழ்வான இடத்தில் 5 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். வெளிர் நிறத்தில் உலர்ந்த தூள் வந்தால் மரம் பிழைத்தது. கறுத்த ஈரத்தூள் வந்தால் முழுப் பலகையும் மாற்றும் செலவைக் கணக்கில் எழுதுங்கள். துளையை உடனே எபாக்ஸியால் (இரண்டு திரவம் கலந்து இறுகும் பசை) அடைத்துவிடுங்கள். துளை போடவே விடமாட்டேன் என்பவரிடம், பலகை கெட்டது என்று வைத்துத்தான் விலை பேச வேண்டும்.

மாற்றும் வேலை சின்னது அல்ல. உள்தோலை அறுத்து, மக்கிய மரத்தை ஒன்று விடாமல் சுரண்ட வேண்டும். பழைய கனத்தை அளந்து, ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டை (பெரும்பாலும் 18 மி.மீ. பலகை இரண்டு) ஒட்டி, ஓரங்களை ரெசினில் (ஃபைபரை இறுக்கும் பிசின்) ஊறவைத்து, மேலே சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் (ஃபைபர் நார் விரிப்பு) மூன்று நான்கு அடுக்கு போட வேண்டும். போல்ட் துளையை நேரே போடாதீர்கள். பெரிதாகத் துளைத்து, எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்த பிறகு அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையிட்டால் மரத்தை நீர் தொடவே தொடாது. இந்த ஒரு படியைத் தவிர்ப்பதால்தான் புதுப் பலகையும் சீக்கிரமே மக்குகிறது.

அடுத்தது அடிப்பகுதி. எந்தக் கரையில் உழைத்த படகு என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். தேவனாம்பட்டினம் போல மணலில் இழுத்து ஏற்றும் இடத்துப் படகுக்கு ஏரா (அடியில் நீளவாக்கில் ஓடும் நடுமுதுகு) தேயும். நடுக்கோட்டில் ஃபைபர் நார் வெளியே தெரிகிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். உப்பனாற்றிலோ தேங்காய்த்திட்டிலோ தண்ணீரிலேயே கட்டிக் கிடந்த படகுக்குக் கொப்புளம் வரும். குத்தினால் புளித்த வாடையோடு நீர் வந்தால் நீர் மேற்பூச்சைத் தாண்டி உள்ளே போய்விட்டது என்று பொருள். முகத்துவாரம் மணல் தூர்ந்திருக்கும் நாட்களில் தரைதட்டிய படகுக்கு அணியத்தின் (படகின் முன்முனை) கீழும் எஞ்சின் அடிக்காலிலும் அடி இருக்கும். புதுப் பெயின்ட் அடித்த படகைக் காலை 7 மணி வெயிலில், பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். ஒட்டுப்போட்ட இடம் அலை அலையாகத் தெரியும்.

2004 சுனாமிக்குப் பிறகு குறுகிய காலத்தில் ஏராளமான ஃபைபர் படகுகள் செய்து கொடுக்கப்பட்டன. எல்லாமே ஒரே தரம் அல்ல. அந்த வயதுப் படகில் தட்டிப் பார்க்கும் வேலையை இரு மடங்கு பொறுமையோடு செய்யுங்கள்.

எஞ்சினுக்கு வருவோம். போனதும் மூடியில் கை வையுங்கள். சூடாக இருந்தால் முன்பே ஓட்டிவைத்திருக்கிறார்கள். ஆறவிட்டு, குளிர்ந்த நிலையில் இழுத்துப் பாருங்கள். குளிர்நீர் பீறிடும் துளையில் நீர் விடாமல் வர வேண்டும். ஓடிச் சூடானபின் பிளக்கைக் கழற்றி, திராட்டிலை முழுதும் திறந்து கம்ப்ரஷன் மீட்டரில் ஒவ்வொரு சிலிண்டரையும் பாருங்கள். இரண்டுக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஒன்று 120, மற்றது 95 காட்டினால் ரிங்கோ பிஸ்டனோ போயிருக்கலாம். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாதவர் கையில் இருந்த எஞ்சினில் கரி ஏறி ரிங் ஒட்டியிருக்கும். கியர்பாக்ஸின் கீழ்த் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். எண்ணெய் பால் போல வந்தால் சீல் போய்விட்டது, கியரும் துருப்பிடித்திருக்கலாம். அடிக்காலின் நீளத்தையும் அளந்துவிடுங்கள். குட்டைக் கால் 15 அங்குலம், நீளக் கால் 20. உயரமான பின்பலகையில் குட்டைக் கால் மாட்டினால் புரொப்பல்லர் காற்றை இழுத்து வீணாகச் சுழலும். விலை பேசும் முன் அந்த மாடலுக்கு அடிக்கால் கியரும் சிடிஐயும் (பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் மின்னணுப் பெட்டி) கிடைக்குமா என்று உதிரிபாகக் கடையில் கேட்டுவிடுங்கள்.

தாள் விஷயத்தில் இந்தப் பகுதிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. வீராம்பட்டினத்துக்கும் கடலூருக்கும் தூரம் கொஞ்சம்தான், ஆனால் நடுவில் மாநில எல்லை. புதுச்சேரிப் பதிவுள்ள படகைக் கடலூர்க்காரருக்கு விற்றால் புதுச்சேரி மீன்வளத்துறையின் தடையின்மைச் சான்று முதல் வேலை. மானியத்தில் வந்த படகா, வங்கி அல்லது கூட்டுறவுக் கடன் பாக்கியா என்பதும் அப்போதே தெரிந்தாக வேண்டும். மீன்பிடிப் பதிவை வைத்துக்கொண்டு சுற்றுலாப் பயணிகளை ஏற்றவும் முடியாது. உள்நாட்டு நீர்வழியில் அதற்கு 2021 உள்நாட்டுக் கப்பல்கள் சட்டப்படி தனியாக ஆய்வும் பதிவும் வேண்டும்.

விலையை விற்கும் தொகையிலிருந்து பின்னோக்கிக் கழியுங்கள். உதாரணத்துக்கு, சரிசெய்தபின் 2,60,000 ரூபாய்க்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். பின்பலகையும் பெயின்ட்டும் 35,000, எஞ்சின் வேலை 18,000, வண்டியும் தாள் செலவும் 12,000, மூன்று மாதம் நிறுத்திவைக்க 6,000, எதிர்பாராத செலவுக்கு 8,000, உங்களுக்கு 30,000. மிச்சம் 1,51,000. அதற்கு மேல் ஒரு ரூபாய் ஏறினாலும் அது உங்கள் கூலியிலிருந்துதான் போகும்.

வாங்க நல்ல நேரம் நவம்பர், டிசம்பர். கடல் கொந்தளிக்கும் வடகிழக்குப் பருவத்தில் சும்மா நிற்கும் படகை விற்க மனம் வரும். ஆனால் ரெசின் வேலையை அந்த மழையில் தொடாதீர்கள். ஈர மரத்தில் மேட் ஒட்டாது, பிறகு உரிந்து வரும். கவிழ்த்துப் போட்டு, அடியில் காற்றோட விட்டு, ஜனவரி வெயிலில் தொடங்கினால் மார்ச்சுக்குள் முடியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகுகள் கரையில் நிற்க, சின்ன ஃபைபர் படகுகள் தொழிலுக்குப் போகும். படகு தேடி வருகிறவர்கள் அதற்குச் சில வாரம் முன்பே வந்துவிடுவார்கள். அப்போது புதுப் பலகையின் படங்களையும், மரத்தூள் வந்த துளையின் படத்தையும் சேர்த்தே காட்டுங்கள். ரசீதில் படகின் பதிவு எண்ணோடு எஞ்சின் எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.