அம்மா, கறிவேப்பிலை, கப்பல்: ஒரு மார்ச் மாச நாட்குறிப்பு

2025 மார்ச் 8, சனி

அம்மாவும் அப்பாவும் நல்லபடியா வந்து சேந்துட்டாங்க. திருச்சில கிளம்பி, நியூயார்க்ல எறங்கி, அங்கயே கஸ்டம்ஸ் முடிச்சு, அப்புறம் இன்னொரு பிளைட் ஏறி ஆர்லாண்டோ. அமெரிக்காவுல முதல்ல எந்த ஊர்ல எறங்குறோமோ அங்கயே பெட்டியெல்லாம் எடுத்து காமிச்சுட்டுதான் அடுத்த பிளைட்டுக்கு போகணும், அதனால நான் கூட இல்லாம ரெண்டு பேரும் என்ன பண்ணுவாங்களோன்னு ராத்திரி பூரா தூக்கமே இல்ல. போன்லயே படிச்சு படிச்சு சொல்லிருந்தேன், என்ன எடுத்துட்டு வந்தாலும் சரி, சாப்பாட்டு சாமான் இருக்குன்னு வாயத் தொறந்து சொல்லிடுங்கம்மா, ஒளிக்க மட்டும் ஒளிக்காதீங்கன்னு. சொல்லாம மாட்டுனா 10,000 டாலர் வரைக்கும் அபராதம் போடலாம்.

அம்மா சொல்லிட்டாங்க. பெட்டிய தொறந்து ஒண்ணொண்ணா பாத்துட்டு மாங்கா ஊறுகா, பருப்புப்பொடி, அப்பளம், முறுக்கு எல்லாத்தயும் விட்டுட்டாங்க. 2 கிலோ சீரகச் சம்பாவயும், ஈரத்துணில சுத்தி வச்சிருந்த கறிவேப்பிலையயும் மட்டும் எடுத்துக்கிட்டாங்க. அபராதம் ஒண்ணும் இல்ல. ஆனாலும் அம்மாவுக்கு மனசு ஆறல. "நம்ம கொல்லைல கிளம்புறப்ப பறிச்ச எலடி, மருந்து கூட அடிக்காதது, அதுல என்ன விஷமா இருக்கு"ன்னு கார்ல வர்ற வழியெல்லாம் கேட்டுட்டே வந்தாங்க.

அரிசிக்கு காரணம் கப்ரா வண்டு. நம்ம ஊர் தானியத்துல இருக்குற ரொம்ப சின்ன வண்டு, அதோட புழு சாக்குல, கிடங்கு இடுக்குல பூந்துக்கிட்டா தீனியே இல்லாம வருஷக்கணக்குல கெடக்கும், அது இங்க பரவிட்டா மருந்தடிச்சு தீராது. கறிவேப்பிலைக்கு காரணத்த நாளைக்கு கூட்டிட்டுப் போயி கண்ணால காட்டணும்னு நெனச்சிருக்கேன்.

மார்ச் 9, ஞாயிறு

நாங்க இருக்குறது புளோரிடா மாநிலத்துல போல்க் கவுண்டி, ஒரு காலத்துல எங்க திரும்புனாலும் ஆரஞ்சுத் தோப்பா இருந்த இடம். வீட்லருந்து பத்து நிமிஷத்துல ஒரு பழைய தோப்பு இருக்கு, பாதி மரம் பட்டுப்போயி நிக்குது. ரோட்டோரமா கார நிறுத்துனேன். வேலிக்கு வெளிய நீட்டிட்டு இருந்த ஒரு கிளைய அம்மா எட்டிப் பாத்தாங்க. எலைல திட்டுத்திட்டா மஞ்சள், நரம்புக்கு இந்தப் பக்கம் ஒரு மாதிரி அந்தப் பக்கம் ஒரு மாதிரி. பழம் எலுமிச்சை அளவுதான், ஒரு பக்கமா கோணிப்போயி, அடிப்பாகம் பச்சையாவே நின்னுபோச்சு. கீழ அந்த மாதிரி நூத்துக்கணக்குல உதிந்து கெடந்துச்சு. தஞ்சாவூர் பக்கம் விவசாயக் குடும்பத்துல பொறந்தவங்க, எதுவும் பேசல, குனிஞ்சு ஒண்ண எடுத்து நகத்தால கீறி மோந்து பாத்தாங்க.

இந்த நோய்க்கு பேரு சிட்ரஸ் கிரீனிங். ஒரு துளியூண்டு பூச்சி, 3, 4 மில்லிமீட்டர்தான் இருக்கும், ஆசிய சைலிட்னு சொல்றாங்க, அது மரத்துக்கு மரம் இந்த நோய கொண்டு போகுது. புளோரிடாவுல அந்தப் பூச்சிய 1998-லயும் நோய 2005-லயும் கண்டுபிடிச்சாங்க. 2003-04 சீசன்ல 24 கோடிக்கு மேல பெட்டி ஆரஞ்சு எடுத்த மாநிலம், ஒரு பெட்டி 90 பவுண்டு, இருவதே வருஷத்துல 2 கோடிப் பெட்டிக்கும் கீழ எறங்கிடுச்சு. நோய் வந்த மரத்துக்கு வைத்தியம் இல்ல.

அந்தப் பூச்சிக்கு ரொம்பப் பிடிச்ச இன்னொரு செடி கறிவேப்பிலை! ஆரஞ்சும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பம். கொழுந்துல முட்ட போட்டு வச்சா கண்ணுக்கே தெரியாது. ஈரத்துணில சுத்தி பெட்டிக்குள்ள வச்சு கொண்டு வந்தா பூச்சியும் சொகுசா வந்து எறங்கும்.

அம்மா வண்டில ஏறுனதும், "இத முன்னாடியே சொல்லிருந்தா நான் பறிச்சிருக்கவே மாட்டேனேடி" அப்படின்னாங்க. தப்பு என் மேலதான், ஒளிக்காதீங்கன்னு சொன்னேனே தவிர ஏன்னு சொல்லல.

மார்ச் 14, வெள்ளி

நாளான்னைக்கு கப்பல். போர்ட் கனாவெரல் துறைமுகத்துலருந்து அஞ்சு ராத்திரி, மெக்சிகோவுல கோசுமெல் தீவு, பஹாமாஸ்ல நசாவ் போயிட்டு திரும்பி வரும். அம்மா சுத்த சைவம், முட்டை கூட கெடையாது. அப்பாவுக்கு சுகர், நேரத்துக்கு சாப்பிட்டாகணும். அதனால சாப்பாட்டு விஷயத்துல அம்மா யாரயும் நம்ப மாட்டாங்க. புளியோதரை கிண்டி வாழையிலைல கட்டிடலாம், ரெண்டு நாள் தாங்கும்னு ஆரம்பிச்சாங்க.

கப்பல்ல வீட்ல செஞ்ச சாப்பாடு எதுவும் ஏத்தக் கூடாது. கடைல வாங்கி சீல் பிரிக்காத பாக்கெட்னா சரி. "நான் குளிச்சுட்டு கையால அரைச்ச பொடி சுத்தமில்லையா, எவனோ மெஷின்ல போட்டது சுத்தமா"ன்னு கேட்டாங்க, நியாயமான கேள்விதான். பொறுமையா உக்காந்து சொன்னேன். மூவாயிரம் பேரு ஒரே எடத்துல சாப்பிட்டு ஒரே எடத்துல தூங்குற ஊரு அது, ஒருத்தருக்கு வாந்தி பேதி வந்தா ஊருக்கே வரும். இங்க நோய்த் தடுப்பு பாக்குற அரசாங்க அமைப்பு சிடிசி 1975-லருந்தே கப்பல்கள சோதனை போடுது, 100-க்கு 86 மார்க்காவது வாங்கணும், பயணிகள்லயோ ஊழியர்கள்லயோ 3 சதவீதம் பேருக்கு வந்துட்டாலே அந்தக் கப்பல் பேர வெளில போட்டுடுவாங்க. சூடா வைக்கிறது 57 டிகிரிக்கு குறையக் கூடாது, குளிரா வைக்கிறது 5 டிகிரிய தாண்டக் கூடாது. நம்ம புளியோதரை ரூம்ல எத்தன மணி நேரம் எந்தச் சூட்டுல கெடக்கும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "கல்யாண வீட்டு பந்தி மாதிரி, வெளிச் சாப்பாட்ட சமையக்கட்டுல விட மாட்டாங்கல்ல"ன்னாங்க. ஆமாம்மா, அதேதான்.

சாயங்காலம் இந்தியன் கடைக்குப் போயி வாங்குனது: பருப்புப்பொடி ஒரு பாக்கெட், எலுமிச்சை ஊறுகா சின்ன பவுச்சா நாலு (கண்ணாடி பாட்டில் வேணாம், ஒடஞ்சா துணியெல்லாம் போச்சு), சுடுதண்ணி ஊத்துற கப் உப்மா ஆறு, அப்பாவுக்கு மாரி பிஸ்கட். அப்பாவோட மாத்திரை, இன்சுலின் எல்லாம் கைப்பைல.

மார்ச் 16, ஞாயிறு

ஏறியாச்சு. பெரிய பெட்டில அப்பா எனக்குத் தெரியாம எலக்ட்ரிக் கெட்டில் வச்சிருக்காரு, காலைல காப்பிக்கு. ஸ்கேன்ல பிடிச்சுட்டாங்க. கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, சூடாகுற எதுவும் கூடாது, நடுக்கடல்ல தீப்பிடிச்சா எங்க ஓடுறது. ரசீது குடுத்து, எறங்குறப்ப வாங்கிக்கங்கன்னு மரியாதையா சொன்னாங்க. பருப்புப்பொடி, ஊறுகா, உப்மாவ திருப்பிக் கூட பாக்கல.

மார்ச் 17, திங்கள், கடல்

பஃபே வாசல்ல வரிசையா வாஷ்பேசின், கை கழுவுனாத்தான் உள்ள. சானிடைசர் போதாதான்னு அப்பா கேட்டாரு, கப்பல்ல வாந்தி பேதி பரப்புற நோரோ வைரசுக்கு சோப்பும் தண்ணியும்தான் சரி. அம்மாவுக்கு பரம திருப்தி.

வெள்ளச் சோறு இருந்துச்சு, சக்கரை போடாத தயிர் இருந்துச்சு. அம்மா ஒரு கிண்ணத்துல ரெண்டயும் போட்டு, உப்பு தூவி, சூடு ஆறாத சோத்த கரண்டியால மசிச்சு மசிச்சு, ஒரு கை பால் ஊத்தி, ஊறுகா பவுச்ச ஓரமா கிள்ளி ரெண்டு சொட்டு வச்சு அப்பாவுக்கு நீட்டுனாங்க. ஜன்னலுக்கு வெளிய ஒரே நீலம். அப்பா தலையே நிமிராம சாப்பிட்டாரு. ராத்திரி சாப்பாட்டு ஹால்ல மேற்பார்வை பாக்குறவரு கொல்லம் காரர், நாளைக்கு சைவம் என்ன வேணும்னு இன்னிக்கே சொல்லுங்கம்மான்னு கேட்டுட்டுப் போனாரு. இத ஏறுன அன்னிக்கே சொல்லிருக்கலாம். சைவம் சாப்பிடுறவங்க யாரும் போறதா இருந்தா முதல் நாளே சொல்லிடுங்க.

மார்ச் 18, செவ்வாய், கோசுமெல்

எறங்குறதுக்கு முன்னாடி மைக்ல சொன்னாங்க, கப்பல்லருந்து பழம், சாண்ட்விச் எதுவும் கரைக்கு எடுத்துட்டுப் போகாதீங்கன்னு. மெக்சிகோ மண்ணுக்கும் அதே கவலதான. அப்பாவுக்கு பிஸ்கட் பாக்கெட் மட்டும் எடுத்தோம்.

அங்க சான் மிகேல்ங்குற ஊர்த் தெருவுல ஒரு அம்மா மாங்காய பூ மாதிரி கீறி குச்சில சொருகி, எலுமிச்ச பிழிஞ்சு மொளகாப்பொடி உப்பு தூவிக் குடுத்தாங்க. மெரினாவுல நிக்குற மாதிரியே இருந்துச்சு. அங்கயே நின்னு சாப்பிட்டு முடிச்சோம், கப்பலுக்கு கொண்டு வர முடியாதுல்ல. அப்புறம் ஒரு கடைல "தமரிந்தோ"ன்னு போட்ட மிட்டாய், புளியும் மொளகாயும் சக்கரையும் போட்டது. அம்மா ஒண்ண வாயில போட்டதும் கண்ண மூடிட்டு, "புளிடி!"ன்னாங்க. சீல் போட்ட பாக்கெட்டா பாத்து அஞ்சு வாங்கிட்டோம்.

மார்ச் 21, வெள்ளி

காலைல எறங்கியாச்சு. கஸ்டம்ஸ் வரிசைல மூஞ்சிய கேமராவுல பாத்துட்டு ஒரு ஆபீசர் கேட்டாரு, சாப்பாடு ஏதாவது இருக்கான்னு. புளி மிட்டாய், மீந்த ஊறுகான்னு சொன்னேன், போகலாம்னு கைய காட்டிட்டாரு. நாலடி போயிருப்போம், அம்மா நின்னுட்டாங்க. திரும்பிப் போயி கைப்பைய தொறந்து, "பனானா"ன்னு சொல்லி ஒரு வாழப்பழத்த எடுத்து மேஜ மேல வச்சாங்க. அப்பாவுக்கு சுகர் எறங்குனா வேணும்னு காலைல பஃபேல எடுத்து வச்சது, நெனப்பே இல்லாம போச்சாம். கப்பல்ல குடுத்த பழமாவே இருந்தாலும் கரைக்கு வரக் கூடாது. எனக்கு வயித்த கலக்கிடுச்சு. அவரு வாங்கி தொட்டில போட்டுட்டு, தேங்க் யூ மேம்னாரு, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து காப்பி குடிச்ச கையோட அம்மா கொல்லைக்குப் போனாங்க. எங்க வீட்லயும் ஒரு கறிவேப்பிலை செடி இருக்கு, இங்கயே வாங்கி வச்சது, இந்த மாநிலத்த விட்டு வெளிய கொண்டு போகக் கூடாது, அவ்வளவுதான். கண்ணாடிய போட்டுக்கிட்டு கொழுந்து கொழுந்தா திருப்பிப் பாத்தாங்க. நுனில ஒண்ணுல மஞ்சளா குட்டிக் குட்டிப் பூச்சி, பக்கத்துல வெள்ளையா மெழுகு நூல் மாதிரி சுருண்டு சுருண்டு. "இதுதானடி?" இதுதான். அந்தக் கொழுந்த கிள்ளி பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கிக் கட்டுனோம். மிச்சத்துக்கு ஓஸ் பைப்ப வச்சு தண்ணி பீச்சி அடிச்சோம், அம்மா எலைய அடியில பிடிச்சுக்கிட்டாங்க.

ராத்திரி ரசத்துக்கு முத்துன எலையா பாத்து ரெண்டு கொத்து பறிச்சாங்க.