பிகாட் பிரபுவுக்கு வாரிசு தேடிய கதை

சென்னைக் கோட்டையைச் சுற்றிக் காட்ட நண்பர்களை அழைத்துப்போக வேண்டியிருந்தது. இரண்டு முறை மதராஸ் கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகாட்டின் வம்சாவளியை ஒரு தாளில் எழுதித் தருகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். ஒரே மாலையில் முடியும் என்று நினைத்த வேலை மூன்று வாரம் இழுத்தது.

முதல் வரியிலேயே சறுக்கல். 1777இல் ஜார்ஜ் இறந்ததும் பட்டம் தம்பி ராபர்ட்டுக்குப் போனது என்று படித்தவுடன், 'இரண்டாம் பிகாட் பிரபு' என்று எழுதிவிட்டேன். ராபர்ட், அமெரிக்காவில் பங்கர் ஹில் சண்டையில் படை நடத்தியவர். ஆனால் எங்கே தேடினாலும் 'சர் ராபர்ட்' என்றே வருகிறது. 'லார்ட்' ஒரு இடத்திலும் இல்லை. அப்போதுதான் விழித்துக்கொண்டேன்.

ஜார்ஜுக்குக் கிடைத்தவை இரண்டு பட்டங்கள். 1764இல் பாரனெட் (பெயருக்கு முன் 'சர்' போட்டுக்கொள்ளும் பரம்பரைப் பட்டம், ஆனால் பிரபு அல்ல), 1766இல் அயர்லாந்துப் பிரபுக்கள் வரிசையில் பாரன் (இதுதான் 'லார்ட்', அதாவது பிரபு). அவருக்கு ஆண் வாரிசு இல்லாவிட்டால் பாரனெட் பட்டம் தம்பிகளுக்குப் போகலாம் என்று பட்டயத்திலேயே விதி இருந்தது. பாரன் பட்டத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் மணம் முடிக்காதவர். பிள்ளைகள் இருந்தும் சட்டத்தின் கண்ணில் வாரிசுகள் அல்லர். பெரிய பட்டம் ஒரே ஆளோடு அற்றுப்போனது, சின்னது பிழைத்தது. பிரபுவான பிறகும் அவர் லண்டன் மக்களவையில் எப்படி உட்கார்ந்தார் என்ற குழப்பமும் இதோடு தீர்ந்தது: அயர்லாந்துப் பிரபு என்பதாலேயே பிரிட்டிஷ் மேலவையில் இடம் கிடைத்துவிடாது, அதனால் மக்களவையில் உட்காரத் தடையும் இல்லை.

ஆற்காட்டு நவாபுக்காகக் கம்பெனிப் படை 1773இல் பறித்த தஞ்சாவூரை, பிகாட் 1776இல் துளஜாஜி ராஜாவிடம் திருப்பிக் கொடுத்தார். நவாபுக்குக் கடன் கொடுத்திருந்த வெள்ளைக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. ஆகஸ்ட் 24 அன்று கவர்னரான அவருடைய சொந்த ஆலோசனைச் சபையின் பெரும்பான்மையே அவரைக் கைதுசெய்ய வைத்தது. பரங்கிமலையில் காவல், அடுத்த மே 11இல் மரணம். அவரை மீண்டும் பதவியில் அமர்த்தும் லண்டன் உத்தரவு வந்து சேர்ந்தபோது, அதை வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

வாசலில் அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, ஒருவழியாகப் புனித மேரி தேவாலயத்துக்குள் போனோம். அவருடையது என்று சொல்லப்படும் கல்லில் 'நினைவாக' என்று பொருள்படும் லத்தீன் சொற்கள் மட்டும். பெயரும் இல்லை, பட்டமும் இல்லை. கூட வந்தவர்களில் ஒருவர் என் தாளைப் பார்த்துவிட்டு, "இரண்டாமவரே இல்லையே, பிறகு எதற்கு 'முதலாம் பிகாட் பிரபு' என்று எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். பேனாவை வாங்கி அங்கேயே அடித்தேன்.